தாளை உரித்தாயிற்று, சுவர் இன்னும் தயாராகவில்லை

பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. மழைக்காலம் வந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் காலை நாளிதழைக் கையில் எடுப்பவர்கள் தேடிப் படிக்கிற எண்களில் அதுவும் ஒன்று. இன்றைக்கு எத்தனை அடி, உள்வரத்து எவ்வளவு, உபரிநீர் திறப்பார்களா? கோதையாற்றின் குறுக்கே, திருவிதாங்கூர் அரசர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் முழுசாக வாங்கிக்கொள்ளும் மலையடிவாரம் இது. நாஞ்சில் நாட்டு வயல்கள் அந்தத் தண்ணீரால்தான் பிழைக்கின்றன.

அதே மழைதான் இந்தப் பக்கத்து வீட்டுச் சுவர்களில் ஓதமாக ஏறுகிறது.

ஜூன் மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை சுவருக்கு ஓய்வில்லை. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரை ஒட்டியே மண்மேடு நிற்கும். சுற்றிலும் ரப்பர் மரங்களின் நிழல், வெயில் உள்ளே வர வழியில்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுக்கும், உப்பு பூக்கும், பெயின்ட் குமிழ் விட்டு உதிரும். வீட்டில் ஒரு கல்யாணமோ பால்காய்ப்போ வந்துவிட்டால் அந்தக் கறையை எப்படி மறைப்பது என்பதுதான் முதல் கவலை. அதற்குச் சுலபமான வழியாக வந்து சேர்ந்தது வால்பேப்பர். கடையில் சுருள் சுருளாகக் கிடைக்கிறது. பூ வேண்டுமா, செங்கல் மாதிரி வேண்டுமா, மரம் மாதிரி வேண்டுமா, எல்லாம் உண்டு. ஒரே நாளில் ஒட்டி முடித்து, மறுநாள் விருந்தாளிகளை உட்கார வைத்துவிடலாம்.

மூன்று நான்கு மழைக்காலம் போனதும் மூலைகளில் தாள் எழும்பும். எழும்பிய இடத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். இங்கே விற்கும் தாள்களில் பெரும்பாலானவற்றின் முகப்பு வினைல். அது பிளாஸ்டிக், காற்றோ ஈரமோ அதைக் கடக்காது. வெளியிலிருந்து சுவருக்குள் வந்த ஈரம் அறைக்குள் ஆவியாகப் போக முடியாமல் தாளின் முதுகில் தங்கிவிடுகிறது. தாளை ஒட்டிய பசையில் மாவுப்பொருள் இருந்தால் பூசணத்துக்கு அதுவே சாப்பாடு. வெள்ளிமீன் பூச்சிக்கும் அதுவே சாப்பாடு. பின்பக்கத்துக் காகிதமோ சிதலுக்கு விருந்து. கறையை மறைக்க ஒட்டிய தாள் கறையை வளர்க்கிற தொட்டியாகிவிடுகிறது.

இது குமரி மலையடிவாரத்துக்கு மட்டுமே உள்ள தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1775-ல் உருவாக்கிய ஆர்செனிக் பச்சை நிறம், 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் பரவியிருந்தது. ஈரச் சுவரில் தாளையும் பசையையும் தின்று வளரும் பூஞ்சை, அந்த நிறத்திலிருக்கும் ஆர்செனிக்கை வாயுவாக்கி அறைக்குள் விடும் என்று 1890-களில் இத்தாலிய மருத்துவர் கோசியோ சோதனையில் காட்டினார். அந்த வாயு எது என்பதை 1930-களில் பிரிட்டன் வேதியியலாளர் சாலஞ்சர் உறுதிசெய்தார். இன்றைய தாளில் அந்தப் பச்சை கிடையாது. ஆனால் ஈரம், தாள், பசை, பூஞ்சை என்ற கூட்டணி அப்படியேதான் இருக்கிறது. அதை மூச்சில் இழுக்கும் குழந்தைக்கும் ஆஸ்துமா உள்ள பெரியவருக்கும் அது சின்ன விஷயமில்லை.

ஆகவே பலரும் இப்போது தாளை உரித்துவிட்டுப் பழையபடி பெயின்டுக்குத் திரும்புகிறார்கள். நல்ல முடிவுதான். சிக்கல் அடுத்த நாளே தொடங்குகிறது. தாள் போன சுவர் வெளுப்பாக, கிட்டத்தட்ட சுத்தமாகத் தெரியும். பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட் என்று ஓட்டிவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்தப் பெயின்ட் வறண்ட குளத்து மண் போல வெடித்து நிற்கிறது. கடைக்காரர் மீதும் பெயின்டர் மீதும் பழி விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத பசை.

வால்பேப்பர் பசை தண்ணீரில் கரையும்படியே செய்யப்படுகிறது. காய்ந்தபின் சுவரோடு சேர்ந்து கிடக்கும், கண்ணுக்குப் படாது. அதன்மேல் தண்ணீரில் கலக்கிய பிரைமரோ எமல்ஷனோ பட்டதும் மறுபடி இளகி ஊதும். பெயின்ட் காயும்போது பசையும் சேர்ந்து சுருங்கும். சுருங்குகிற பசை மேலேயிருக்கும் படலத்தைப் பிடித்து இழுக்கும். வெடிப்பு அப்படித்தான் வருகிறது. எவ்வளவு விலையுள்ள பெயின்டாக இருந்தாலும் இந்த இழுப்பைத் தாங்காது.

உரிக்கிற வேலையிலேயே பாதிக் காரியம் இருக்கிறது. முதலில் அந்த அறையின் மின்சாரத்தை எம்.சி.பி.யில் நிறுத்திவிட வேண்டும். ஈரத் துணியும் சுவிட்ச்போர்டும் ஒரே சுவரில் இருக்கின்றன. பிறகு வினைல் முகப்பை ஒரு மூலையிலிருந்து காய்ந்தபடியே இழுத்தால் பெரும்பாலும் பட்டையாக வந்துவிடும். பின்பக்கக் காகிதம் சுவரிலேயே நிற்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, மறுபடி நனைத்து, பட்டித் தகட்டைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ளினால் கூழாக வழிந்து வரும். தகட்டை நிமிர்த்திப் பிடித்தால் பூச்சும் சேர்ந்து பெயரும். அவசரப்பட்டுக் காய்ந்த தாளைச் சுரண்டுவதுதான் சுவரைக் குழி குழியாக்குகிறது. ஊறவிட்டு வேலை செய்வது ஒருநாள் கூடுதலாகப் பிடிக்கலாம். குழிகளை அடைக்கப் போகும் பட்டியும் நேரமும் அதைவிட அதிகம்.

தாமே ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் தாள்களும், பஞ்சுபோன்ற முப்பரிமாணச் செங்கல் அட்டைகளும் வேறு வகை. அவற்றின் பசை தண்ணீருக்கு அசையாது. தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடுகாட்டி மெதுவாக உரித்து, மிச்சப் பிசுக்கை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அப்போது ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அடுப்போ விளக்கோ அருகில் எரியக் கூடாது.

அடுத்தது கழுவல். இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். இரண்டு வாளி தேவை: ஒன்றில் சோப்பு கலந்த வெந்நீர், மற்றதில் நல்ல தண்ணீர். ஸ்பாஞ்சால் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்து, வாளி கலங்கியதும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுக்க வேண்டும். கலங்கிய தண்ணீரோடு துடைத்தால் ஓரிடத்துப் பசையை இன்னோரிடத்தில் பூசுகிறோம். இரண்டு மூன்று சுற்று இப்படிப் போக வேண்டியிருக்கும். முடிந்ததா என்று அறியக் கைதான் நல்ல கருவி. ஈரச் சுவரில் விரலை வைத்து இழுக்கும்போது வழவழவென்று போனால் பசை இருக்கிறது. சொரசொரவென்று தடுத்தால் போய்விட்டது. மருந்துக்கடையில் வாங்கும் டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து தெளித்தும் பார்க்கலாம். மாவுப்பசை இருந்தால் அந்த இடம் கருநீலமாகும். பள்ளியில் உருளைக்கிழங்கில் செய்து பார்த்த அதே சோதனை. செல்லுலோஸ் பசைக்கு இந்த நிறமாற்றம் வராது என்பதால் விரல் சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

பூசணம் பிடித்த இடத்துக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போடுவது வழக்கம். இங்கே ஓர் ஆபத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பசையை இளக்கச் சிலர் வினிகர் கலந்த தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். வினிகர் இருக்கும் சுவரில் பிளீச்சிங் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வினிகர் போட்டிருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பிளீச்சிங் பக்கம் போக வேண்டும். எந்த அமிலத்தோடும் அதைக் கலக்கக் கூடாது.

கழுவி முடிந்த சுவர் இனிக் காய வேண்டும். பேச்சிப்பாறையில் கடினமான பகுதி இதுதான். மேற்பரப்பு இரண்டு நாளில் காய்ந்துவிடும். உள்ளே பல மாத மழை இருக்கிறது. பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலாந்துக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: நன்றாக நனைந்த சுவர் ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம். ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காற்றோட்டம் பெற்றாலே நாலைந்து மாதம் கேட்கும். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நாள் கணக்கில் முடிகிற காரியமில்லை என்பதை அது உணர்த்துகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட்டுப் பிரித்துப் பார்த்தால், தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர் கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் உள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் காற்றிலிருக்கும் ஈரம். முதல் வகைக்கு மூலகாரணத்தைத் தேட வேண்டும். சன்ஷேடில் விரிசலா, மொட்டை மாடி வடிகுழாய் கசிகிறதா, அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறையா, பின்புறத்து மண்மேடு சுவரில் சாய்ந்திருக்கிறதா? மண்ணை வெட்டி விலக்கி ஒரு வடிகால் அமைத்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும். பெயின்ட் டப்பாவால் அடைக்க முடியாத ஓட்டைகள் இவை.

சுவர் எப்போது காய்ந்திருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாமலில்லை. தை, மாசி, பங்குனிதான் இங்கே வறண்ட காலம். ஆனாலும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற பரபரப்பு வருவது கார்த்திகையில். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும், அடுத்த மூன்றே வாரத்தில் கிறிஸ்துமஸ். ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் பார்க்கும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். இதற்குள் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. ரப்பர் மரம் நன்றாகப் பால் சுரப்பது அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அதன்பின் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்; பால் வெட்டு குறையும், பல தோட்டங்களில் நின்றே போகும். கையில் பணம் புழங்கும் மாதங்களில் சுவர் ஈரம். சுவர் காய்ந்திருக்கும் மாதங்களில் பணம் இறுக்கம். ஈரச் சுவரில் பெயின்ட் அடிப்பவர்களை அறியாதவர்கள் என்று திட்டுவது எளிது. அவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு யோசனை சொல்லலாம். வருமான மாதங்களில் பொருளை வாங்கி வைத்துவிட்டு வேலையை மாசிக்குத் தள்ளுவது. மூடிய டப்பாவில் பிரைமரும் பெயின்டும் அதற்குள் கெட்டுவிடாது. டப்பாவில் அச்சிட்ட காலாவதி நாளை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை சிமென்ட் பட்டி மூட்டையை மட்டும் முன்கூட்டி வாங்கக் கூடாது. இந்த ஊர் ஈரக்காற்றில் அது மூட்டைக்குள்ளேயே கட்டிதட்டிவிடும்.

சுவரைத் தயார்செய்வதில் இந்த மாவட்டத்துக்குப் பெரிய பாரம்பரியம் இருக்கிறது. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில், நான்கு மாடி உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இன்றும் நிறத்தோடு நிற்கின்றன. கேரள சுவரோவிய மரபில் படம் எழுதுவதற்கு முந்தைய வேலையே நீண்டது. சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு முதலில். அதன்மேல் பஞ்சு சேர்த்தரைத்த சுண்ணாம்புப் பூச்சு. அது காய்ந்தபின் சுண்ணாம்பை இளநீரில் கரைத்து 25, 30 தடவை மெல்லிசாகப் பூசுவார்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. நிறத்தைத் தொடுவதற்கு முன்பே இத்தனை நாள் உழைப்பு. இன்று டப்பாவில் வரும் பிரைமர் செய்கிற வேலையைத்தான் அந்தப் பூச்சுகள் செய்தன: சுவரின் உறிஞ்சலைச் சமப்படுத்துவது, நிறம் பிடிக்க உறுதியான தளம் தருவது.

அந்தப் பாரம்பரியம் சொல்லித்தரும் இன்னொன்று, சுவரின் குணம் தெரிந்து பூசுவது. பேச்சிப்பாறை, குலசேகரம், திருவட்டாறு பக்கம் சுண்ணாம்புப் பூச்சு போட்ட பழைய வீடுகள் இன்னும் உண்டு. அந்தச் சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வினைல் தாள் அவற்றை மூச்சுத்திணற வைத்தது. தாளை எடுத்துவிட்டு ஆயில் பிரைமர் அடித்தாலும் அதே கதிதான். அங்கே சுண்ணாம்புப் பூச்சாலேயே ஓட்டைகளை அடைத்து, சுண்ணாம்பு அடிப்பதே சுவருக்குச் செய்யும் நல்லது. பழைய சுவரை மதிக்கத் தெரிந்த பெயின்டர் இதை மறுக்கமாட்டார்.

சிமென்ட் பூச்சுச் சுவருக்கு வருவோம். தாளை உரித்தபின் அங்கே மூன்று வகைப் பரப்பு கலந்து கிடக்கும்: பழைய டிஸ்டம்பரோ எமல்ஷனோ ஒட்டியிருக்கும் இடம், பட்டியோடு பெயர்ந்து வெறும் சிமென்ட் தெரியும் இடம், கறை படிந்த இடம். உள்ளங்கையால் தடவினால் மாவாக ஒட்டும் டிஸ்டம்பர் முழுவதும் போக வேண்டும். தகட்டால் தட்டும்போது பொக்கென்று சத்தம் வரும் பூச்சும் போக வேண்டும். மிஞ்சுவது உறுதியான தளமாக இருந்தால்தான் மேலே வருவது நிற்கும்.

பட்டி விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வெள்ளை சிமென்ட் பட்டிக்கு உறிஞ்சுகிற, லேசாக நனைத்த வெறும் சிமென்ட் பூச்சு வேண்டும். பழைய பெயின்ட் மேலோ ஆயில் பிரைமர் மேலோ அதைப் போட்டால் பிடிப்பு கிடைக்காமல் தகடாகப் பெயரும். அக்ரிலிக் பட்டி பிரைமர் மேல் போடுவது. ஆகவே முழுச் சுவரும் சிமென்ட் வரை சுரண்டப்பட்டிருந்தால் வெள்ளை சிமென்ட் பட்டி. பழைய பெயின்ட் உறுதியாக நிற்கும் சுவரில் முதலில் பிரைமர், பிறகு குழிகளுக்கு அக்ரிலிக் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, தூசைத் துடைத்து மறுபடி ஒரு பிரைமர். பட்டி போட்ட இடத்துக்குப் பிரைமர் கொடுக்காமல் எமல்ஷன் அடித்தால் அந்த இடங்கள் மட்டும் நிறத்தை அதிகம் உறிஞ்சித் திட்டுத்திட்டாகத் தெரியும்.

எந்தப் பிரைமர் என்பது பசையைப் பொறுத்தது. விரல் சோதனையில் சுவர் சுத்தமாகத் தேறியிருந்தால் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பிரைமர் போதும். நாற்றம் குறைவு, சீக்கிரம் காயும், சுவர் ஓரளவு மூச்சும் விடும். எவ்வளவு கழுவியும் பசை மிச்சமிருக்கும் சந்தேகம் இருந்தால் டர்பன்டைனில் கலக்கும் ஆயில் பிரைமர்தான் கைகொடுக்கும். அதில் தண்ணீர் இல்லாததால் பசை இளகாது. ஓதக் கறை, பேனா மைக் கறை ஆகியவை மேலே கசிந்து வராமலும் அது தடுக்கும். பிடிவாதமான கறைக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பூச்சும் வேலை செய்யும்.

ஆயில் பிரைமருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம்: காயாத சுவரை அது அடைத்துவிட்டால் குமிழ் எழும்பும். மற்றொன்று புது சிமென்ட். புதிதாகப் பூசிய ஒட்டுப்பூச்சில் காரம் அதிகம். அந்தக் காரம் பிரைமரிலிருக்கும் எண்ணெயைத் தாக்கிச் சோப்பாக்கிவிடும். சோப்பு காய்ச்சும்போது நடப்பதும் இந்த வேதிவினைதான். பிசுபிசுத்துப் போன அந்தப் படலத்தில் எதுவும் நிற்காது. ஒட்டுப்பூச்சு போட்டால் 28 நாள் பொறுத்துத்தான் அதன்மேல் ஆயில் பிரைமர்.

காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது பெயின்ட் வேலை வேண்டாம் என்பது இந்தத் தொழிலில் பொதுவான விதி. அணைப் பக்கத்து மழைநாளும் பனி இறங்கும் விடிகாலையும் அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். வெயில் ஏறியபின் தொடங்கி, மாலை ஈரம் இறங்குவதற்கு முன் நிறுத்துவது நல்லது. பிரைமர் நன்றாகக் காய்ந்தபின் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பார்க்க வேண்டும். டேப்போடு துணுக்குகள் வந்தால் அடியில் பசையோ தூசோ இருக்கிறது. எமல்ஷன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

தேய்ப்பு வேலையில் உடம்பையும் பார்க்க வேண்டும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய எனாமல் தாளுக்கு அடியில் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூசு அறை முழுக்கப் பறக்கும். நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் தங்க வைப்பதும், தேய்ப்பவருக்கு நல்ல மாஸ்க் வாங்கித் தருவதும் வீட்டுக்காரரின் கடமை. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் பட்டித் தூசுக்குள் நிற்பவரின் நுரையீரல் அந்தச் சதுர அடி ரேட்டுக்குள் சேராது.

அந்த ரேட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும்போது, கழுவுவதும் காயவிடுவதும் பெயின்டருக்கு நஷ்டமாகின்றன. அவர் எவ்வளவு சீக்கிரம் எமல்ஷனுக்கு வருகிறாரோ அவ்வளவு லாபம். நேர்மையான பெயின்டரைக்கூட அவசரத்துக்குத் தள்ளுகிற ஏற்பாடு இது. உரிப்பதற்கும் கழுவுவதற்கும் நாள் கூலி, பட்டி முதல் எமல்ஷன் வரை சதுர அடிக் கணக்கு என்று இரண்டாகப் பிரித்துப் பேசினால் இரு தரப்புக்கும் நியாயம். சுவர் காயும் வாரங்களில் அவர் வேறு வேலைக்குப் போய்வரலாம் என்பதையும் அப்போதே ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாசி பிறந்ததும் தாளை உரித்துக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து போட்டு, மண்மேட்டை விலக்கிவிட்டால், பங்குனிக் கடைசியில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்க்கலாம். அதில் நீர் கோக்காவிட்டால் முதல் பிரைமர். குழிகளை அடைத்து, தேய்த்து, இரண்டாம் பிரைமரை முடிக்கச் சித்திரையின் முதல் பாதி போதும். அதன்பின் பிற்பகல்களில் மலைமேல் இடி முழங்கிக் கோடை மழை இறங்கத் தொடங்கும். எமல்ஷனின் கடைசி கோட் அதற்குள் காய்ந்திருக்க வேண்டும்.